பள்ளத்துக்கு வாங்கிய தகடு

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. பள்ளம் தோண்டும் கோஷ்டியோடு போகத் தொடங்கிய பிறகு அந்தப் பெயரை யாரும் சீண்டவில்லை. மேஸ்திரியிலிருந்து டீக்காரர் வரை எல்லோருக்கும் அவள் விசிலம்மா. மஞ்சள் மேல்சட்டை, தலையைவிடக் கொஞ்சம் பெரிய ஹெல்மெட், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் விசில். தெருமுனையில் அவள் தலை தெரிந்ததுமே எவனாவது ஒருவன் வாயைக் குவித்து 'ப்பீ' என்று ஊதிக் காட்டுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆரம்பத்தில் அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு வராமல் போயிற்று.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. காண்ட்ராக்டரின் கிடங்கில் பூட்ஸும் கையுறையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவள். பள்ளத்துப் பாதுகாப்புக்கென்று இருந்த ஆள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். இன்ஜினியர் இவளைக் கூப்பிட்டார்.

"சட்டப்படி ஒரு ஆள் நிக்கணும். நீங்க ஒண்ணும் பெரிசாப் பண்ண வேண்டாம். சும்மா நின்னாலே போதும்."

சும்மா நிற்பது எல்லோருக்கும் கைவந்த கலையா என்ன? அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்த பிறகும் எழுந்து போய்த் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறவள். கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பாள், தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தும் இழுத்துப் பார்ப்பாள். "உன்னைக் கட்டினதுக்கு ஒரு பூட்டைக் கட்டியிருக்கலாம், அதாவது பேசாம இருக்கும்" என்பான் வேன் ஓட்டும் கணவன். அப்படிப்பட்டவளைப் பிடித்துப் பள்ளத்தின் ஓரத்தில் சும்மா நிற்கச் சொன்னது இன்ஜினியரின் தப்பு, அவளுடையது அல்ல.

அதற்கு முன்னால் ஒரு பயிற்சி வகுப்புக்கும் அனுப்பினார்கள். அங்கே சுவரில் ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். படத்தில் ரத்தம் இல்லை, அழுகிற ஆள் இல்லை. சமமாகக் கிடந்த மண், அதன்மேல் ஒரு ஹெல்மெட், அவ்வளவுதான். "இந்த ஹெல்மெட்டோட ஆள் எங்க சார்?" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். பாடம் நடத்தியவர் படத்தில் இருந்த மண்ணைத் தொட்டுக் காட்டினார். கேட்டவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. நெஞ்சு வரை மண் மூடினால் மூச்சு விடலாமாம், திரும்ப இழுக்கத்தான் முடியாதாம். நெஞ்சு சுருங்கிய இடத்தில் மண் வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். அன்று ராத்திரி அவள் அடுப்பை மட்டும் பார்த்துவிட்டு வரவில்லை, தூங்குகிற கணவனின் மூச்சையும் பார்த்துவிட்டுப் படுத்தாள்.

அவளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. பள்ளத்துக்குள் முதல் ஆளாக இறங்குகிறவன் அவளுடைய தம்பி. குழாயோடு குழாயைப் பொருத்துவதில் அவனை அடிக்க ஆளில்லை. கிடங்கில் இருந்த காலத்தில் மேஸ்திரியிடம் சிபாரிசு பண்ணி அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டவளே அவள்தான். அப்போது அம்மா ஊரெல்லாம் பெருமை பேசினாள். இப்போது அவன் இறங்கும்போதெல்லாம் அக்கா ஏணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விசில் ஊதினால் எல்லோரும் மேலே ஏறி வந்துவிட வேண்டும் என்பது விதி. முதல் வாரம் ஏறி வந்தார்கள். அப்புறம் நின்ற இடத்திலேயே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார்கள். அப்புறம் தலையும் போய், 'சரி சரி' என்று கையை மட்டும் ஆட்டினார்கள். அவள் தம்பி அதைக்கூடச் செய்யமாட்டான். "டேய், அக்கா கூப்பிடுறாங்க, போய்ப் பால் குடிச்சுட்டு வா" என்று கூட இருப்பவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். அதற்காகவே, எல்லோரும் ஏறி வந்த அந்த முதல் வாரத்திலும் அவன் உள்ளேயே நின்றான். அவள் இல்லாவிட்டால் ஊரோடு ஒத்து ஏறியிருப்பான். காப்பாற்ற வந்தவளாலேயே அவன் கடைசி ஆளாகிறான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? விசிலை இன்னும் பலமாக ஊதினாள்.

இந்தத் தெருவில் போடுவது சாக்கடைக் குழாய். தெருவின் ஓரமாக, வீட்டுக் கேட்டுகளை ஒட்டியே, ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம் போகிறது. பக்கத்திலேயே பழைய தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. ஒருமுறை தோண்டி மூடிய மண் என்னதான் மிதித்தாலும் பழையபடி இறுகாது. அதனால் பள்ளத்தின் இரண்டு பக்கமும் கனமான இரும்புத் தகடுகளை இறக்கி, நடுவில் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஆள் இறங்க வேண்டும். அதற்கென்றே புதுத் தகடுகள் லாரியில் வந்து இறங்கியும் விட்டன. அவள் அவற்றைத் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரு வீட்டுக்காரரால் காரை வெளியே எடுக்க முடியவில்லை. ஆபீசுக்குப் போன் போட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டார். இன்ஜினியர் ஓடி வந்து, பள்ளத்துக்குள் இறங்க வேண்டிய தகட்டை எடுத்து அந்தக் கேட்டுக்கு எதிரே பள்ளத்தின்மேல் பாலமாகப் போடச் சொன்னார். பக்கத்து வீட்டம்மா பார்த்தார். "அவங்களுக்கு மட்டும் போட்டிருக்கீங்க, எங்க வீட்டுக்கு எங்க?" அவருக்கும் ஒன்று. அவரைப் பார்த்து அடுத்தவர். கடைசியில் தெருவில் இருந்த அத்தனை தகடும் கேட்டுக்கு ஒன்றாகப் பாலமாகப் படுத்துக்கொண்டது. பள்ளம் மட்டும் மொட்டையாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

கொஞ்ச நாளில் அவை எல்லாம் 'எங்க வீட்டுத் தகடு' ஆகிவிட்டன. காலையில் பெருக்குகிறபோது அதையும் சேர்த்துப் பெருக்கினார்கள். ஒரு வீட்டம்மா அதன் ஓரத்தில் ஒரு பூந்தொட்டியையும் கொண்டுவந்து வைத்துவிட்டார். கார் ஏறி இறங்கும்போது அந்த எடை முழுவதும் பள்ளத்தின் விளிம்பில்தான் உட்காருகிறது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "அப்படியா?" என்றார் அந்தம்மா, தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே.

இன்ஜினியரிடம் போய் நின்றாள்.

"சார், தகடு இல்லாம எப்படி சார் ஆளை இறக்குறது?"

"புதுத் தகடுக்கு ஆர்டர் போட்டாச்சு, வந்துரும். அதுவரைக்கும் கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க. வீட்டுக்காரங்க கம்ப்ளைன்ட் பண்ணா யார் பதில் சொல்றது?"

"ஆள் போயிட்டா யார் சார் பதில் சொல்றது?"

"காலங்காத்தால ஏங்க இப்படி வாயை வைக்கிறீங்க?" என்று அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார்.

மேஸ்திரி கெட்டவர் இல்லை. தன் ஆட்களுக்கு ஒன்றென்றால் துடித்துப் போகிறவர். ஆனால் அவருக்கு மண்ணின்மேல் அசாத்திய நம்பிக்கை. "எங்கப்பா காலத்துலேருந்து பள்ளம் பாக்குறேன்மா. மண்ணு விழறதுக்கு முன்னாடி எங்கிட்ட பேசும்."

"பேசறப்ப என்னையும் கூப்பிடுங்க. நானும் ரெண்டு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றாள் அவள். மேஸ்திரி அதையும் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டு சிரித்தார். அவளுக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டிலும் அதே கதைதான். தம்பி போய் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அம்மா பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, பிள்ளை வேலை செய்யற இடத்துல வந்து ஊதி ஊதி மானத்தை வாங்குறியாமே? அவன் பொழப்புல மண்ணள்ளிப் போடாத."

அம்மா எந்த வார்த்தையைச் சொன்னாள் என்று அம்மாவுக்கே தெரியவில்லை. அவள் எழுந்து வந்துவிட்டாள்.

ஒரு நாள் ராத்திரி நல்ல மழை. காலையில் பள்ளத்து ஓரமாக நடந்துகொண்டிருந்தவள், பூந்தொட்டி வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, தரையில் ஒரு கோடு ஓடுவதைப் பார்த்தாள். பள்ளத்தின் விளிம்பை ஒட்டி, அதன் கூடவே நீளமாகப் போயிற்று. தோண்டிய மண்ணையும் அந்தப் பக்கமே குவித்து வைத்திருந்தார்கள். குனிந்து வீட்டுச் சாவியை அதில் விட்டுப் பார்த்தாள். நுனி இறங்கியது. கீழே தம்பியும் இன்னும் சிலரும் குழாயை மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசில் ஊதினாள். கைகள் ஆடின.

"மழை வெறிச்சா மண்ணு வெடிக்கத்தான் செய்யும்" என்றார் மேஸ்திரி.

இன்ஜினியருக்குப் போன் போட்டாள். "சாயங்காலம் பெரிய இன்ஜினியர் பார்வையிட வர்றார். அதுக்குள்ள அந்த ஜாயிண்ட் முடியணும். சும்மா சும்மா வேலையை நிறுத்தாதீங்க."

பூந்தொட்டி வீட்டுக் கதவைத் தட்டினாள். "அம்மா, இந்தத் தகடு மட்டும் கொஞ்ச நேரத்துக்கு வேணும். உள்ள ஆள் நிக்கிறாங்க."

"அதெப்படிம்மா? எங்க வீட்டுக்காரர் எந்த நேரமும் கார் எடுப்பார். எங்க வீட்டுத் தகட்டை எடுத்தீங்கன்னா நான் ஆபீசுக்குப் போன் பண்ணிடுவேன்."

அவளே குனிந்து தகட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். அது அசையவே இல்லை. பள்ளம் தோண்டுகிற மெஷினை வைத்துத் தூக்க வேண்டியது, ஒரு பெண்பிள்ளையின் கோபத்துக்கு நகருமா? மெஷின்காரரிடம் ஓடினாள். "இன்ஜினியர் சொன்னா எடுக்கறேன்மா. எதுக்கு வம்பு?" என்று அவரும் கையை விரித்துவிட்டார். தொட்டியை மட்டும் அவள் ஓரமாகத் தள்ளி வைத்தாள். வீட்டம்மா வந்து பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

திரும்பி வந்து விரிசலில் சாவியை வைத்தாள். சாவிக்கு வேலையே இல்லை. விரலே உள்ளே போயிற்று.

"ஏறி வாடா!" என்று கத்தினாள்.

"ஒரு நிமிஷம்க்கா. இந்த ஜாயிண்ட் மட்டும்."

"ஒரு நிமிஷமும் கிடையாது. மேல வா!"

"வீட்டுக்குப் போக்கா நீ!" என்றான் தம்பி, தலையைத் தூக்காமலே. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கையாலாகாமல் நிற்பது என்றால் என்ன என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. சட்டம் அவள் பக்கம் இருந்தது. மஞ்சள் சட்டை, விசில், பயிற்சி, எல்லாம் அவள் பக்கம் இருந்தன. ஆள் ஒருவன்கூட இல்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்தக் கைமணி ஞாபகம் வந்தது. டீக்காரர் தள்ளுவண்டியோடு வந்து தெருமுனையில் மணி அடிப்பார். வண்டியில் பன் கொஞ்சம்தான் இருக்கும், முந்துகிறவனுக்குத்தான் கிடைக்கும். விசிலுக்கு அசையாத இந்த வீரர்கள் அந்த மணிக்கு ஏணியில் இடித்துக்கொண்டு ஏறுவார்கள். அவள் ஹெல்மெட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடினாள். டீக்காரர் அப்போதுதான் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மணியைக் குடுங்க."

"எதுக்கும்மா? இன்னும் நேரம் இருக்கே. பாலே கொதிக்கல."

பதில் சொல்ல நேரமில்லை. மணியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்து, மெஷினுக்குப் பின்னால் மறைந்து நின்று, கை வலிக்கிற மட்டும் அடித்தாள்.

ஏறி வந்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தம்பி மட்டும் இன்னும் கீழே இருந்தான். "டேய், பன் தீந்துடும்டா!" என்று மேஸ்திரி குரல் கொடுத்தார். ஸ்பானரை அங்கேயே போட்டுவிட்டு அவனும் ஏறினான்.

மேலே வந்தால் டீயும் இல்லை, டீக்காரரும் இல்லை. மெஷினுக்குப் பின்னால் மணியும் கையுமாக விசிலம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? விளையாட்டா?" மேஸ்திரிக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. "எல்லார் முன்னாடியும் என்னைக் கோமாளி ஆக்கறதே உனக்கு வேலையாப் போச்சு. நீ இந்த வேலையை விட்டுப் போ, இல்ல நான் போறேன்" என்றான். சொல்லிவிட்டு ஏணியைப் பார்த்து நடந்தான். அவள் குறுக்கே போய் நின்றாள். அவன் தோளால் விலக்கினான்.

அந்த நேரம் பார்த்து, "என் மணியைக் கொடும்மா!" என்று கத்திக்கொண்டே டீக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். பால் கொதித்திருந்தது. ஏறினதுதான் ஏறியாயிற்று, குடித்துவிட்டே இறங்கலாம் என்றார் மேஸ்திரி. தம்பியும் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்து ஒரு டம்ளரை வாங்கிக்கொண்டான், அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. யாரோ மெத்தையில் விழுந்த மாதிரி 'தொப்'பென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது பள்ளத்தின் அந்தப் பக்கத்துச் சுவர் இருந்த இடத்தில் இல்லை. ஏணியின் நுனி மட்டும் மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. குழாயும் தம்பியின் ஸ்பானரும் எங்கே இருக்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாது. சமமாகக் கிடந்தது மண். அவள் வகுப்பில் பார்த்த படம்தான், ஹெல்மெட் மட்டும் தம்பியின் தலையில் இருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் வாய் திறந்தவர் மேஸ்திரி. டீக்காரரை இழுத்துக் கட்டிக்கொண்டார். "நல்ல வேளை வந்தேய்யா! நீ மட்டும் வரலைன்னா..." என்று முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். டீக்காரர், "நான் எங்க, இந்தம்மாதான் என் மணியை..." என்று ஆரம்பித்தார். யாரும் காது கொடுக்கவில்லை. ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் அவரும் மறுப்பதை நிறுத்திவிட்டு, கிடைத்த மரியாதையை வாங்கிக்கொண்டார்.

இன்ஜினியர் வந்து பார்த்தார். "டீ டைம்ல ஆனது நல்லதாப் போச்சு" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மணி விஷயம் தெரிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "இருந்தாலும் நீங்க பண்ணது முறையில்லைங்க. வேணும்னா விசிலுக்குப் பதிலா ஒரு மணியே வாங்கித் தந்துடறேன்." மணி வந்தால் முதல் வாரம் ஏறி வருவார்கள், அப்புறம் தலை, அப்புறம் கை. அவள் மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். தகட்டைப் பற்றி இன்ஜினியர் ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போனாள். தம்பி தட்டில் கையை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். அம்மா அழுது முடித்து, "அந்த டீக்கார மகராசன் நல்லா இருக்கணும்" என்று புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆமாம்மா. அவருக்கு ஒரு சிலை வை!"

அம்மா திகைத்துப் போய்ப் பார்த்தாள். தம்பி மெதுவாகச் சொன்னான். "டீக்காரர் இல்லம்மா. அக்காதான் மணி அடிச்சா."

இந்த வார்த்தைக்காகவே அவள் இத்தனை நாளும் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியிருந்தாள். கேட்ட பிறகு ஒரு சந்தோஷமும் வரவில்லை. "நாளைக்கு நான் விசில் ஊதினா ஏறி வருவியாடா?" என்றாள்.

"தகடு போட்டிருந்தா நான் எதுக்கு ஏறி வரணும்? நீ எதுக்கு ஊதணும்?"

"தகட்டுக்காக நான் அவங்ககிட்ட கெஞ்சாத நாள் கிடையாது. தெரியுமா?"

"அதான்க்கா. அவங்ககிட்டல்லாம் கெஞ்சினே. எங்களைப் பாத்துதான் ஊதினே."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் கேட்காதவனுக்கு இன்றைக்கு நியாயம் பேச வருகிறதா? ஆனாலும் அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே என்பதுதான் அவளை இன்னும் எரித்தது.

மறுநாள் காலை அவள் பள்ளத்தைப் பார்த்து நிற்கவில்லை. பூந்தொட்டி வீட்டுத் தகட்டின் நடுவில் போய் நின்று, அந்தக் கேட்டைப் பார்த்து விசில் ஊதினாள். தெருவில் அத்தனை ஜன்னலும் திறந்தன. வீட்டுக்காரர் காரை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு ஹாரன் அடித்தார். அவள் அதற்கும் மேலே ஊதினாள். வீட்டம்மா ஆபீசுக்குப் போன் போட்டார். இன்ஜினியர் விழுந்தடித்துக்கொண்டு வந்தார்.

"என்னங்க இது கூத்து? தள்ளுங்க. பள்ளத்துல மண்ணை அள்ளிட்டாங்க, ஆளுங்க இறங்கணும்!"

தம்பி வந்தான். தள்ளிவிடப் போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் பூந்தொட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். "தகடு இறங்கட்டும் சார். அப்புறம் நான் இறங்கறேன்."

மற்றவர்கள் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரி மண்ணைப் பார்த்தார்.

"என்ன மேஸ்திரி, ஏதாவது பேசுதா?" என்றாள் அவள்.

அவர் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தகட்டின்மேல் விரித்துத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார்.

இன்ஜினியர் யார் யாருக்கோ போன் போட்டார், கத்தினார், கெஞ்சினார். கடைசியில் வெறுத்துப்போய் மெஷின்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து விலகினார்கள். சங்கிலி மாட்டி, தகடு மேலே எழும்பியது. வீட்டம்மா ஓடி வந்து தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்டுத் தகட்டை எடுத்துட்டா நாங்க எப்படிப்பா வெளியில போறது?"

தகடு பள்ளத்துக்குள் இறங்கட்டும் என்று தம்பி ஏணியில் ஒரு காலை வைத்தபடி நின்றான்.

"பக்கத்து வீட்டுத் தகட்டு மேல நடந்து போங்கம்மா. நாங்களும் சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போய்ச் சேரணும்."